எண்ணும் எழுத்தும் வகுப்பறை: தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கைச் செய்ய வேண்டும் என்ற இலக்கோடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகள். 2023-24 முதல் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. திட்டத்தின் ஆவணங்களைப் பயிற்சியில் வாசித்துவிடுகிறோம். வகுப்புக்குள் போனதும் எழும் சந்தேகங்களுக்கு அங்கே இடம் இருப்பதில்லை. அந்தச் சந்தேகங்களுக்கான பக்கம் இது.

இது பழைய செயல்வழிக் கற்றலின் புதுப் பெயர்தானே?

பாதி சரி. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், அவற்றைக் கற்கும் வரிசையில் அடுக்கிய ஏணிப்படி, குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை என்று பலதும் அப்போது வந்தவை. அவரவர் வேகத்தில் ஏணியில் ஏறலாம் என்பதே அதன் உயிர். நடைமுறையில் குழந்தை அட்டையிலிருந்து அட்டைக்கு நகர்ந்தது. ஆனால் 30 பேர் 30 படிகளில் நிற்கும்போது ஆசிரியர் யாரோடும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அட்டை முடிந்தது என்று குறிப்பதே பாடம் முடிந்ததற்கு அடையாளமாகிப் போனது.

இப்போதைய முறை 30 படிகளை மூன்று கற்றல் நிலைகளாகச் சுருக்கியிருக்கிறது: தொடக்க நிலையிலிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர். ஆசிரியர் நேரடியாகக் கற்பிக்கும் நேரம் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் பார்வையில் உண்மையான மாற்றம் இது ஒன்றுதான். பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் முன்பும் நல்ல ஆசிரியர்களின் வகுப்பில் இருந்தவையே.

ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்பும் ஒரே அறையில். நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஆகவே இது விதிவிலக்கல்ல, பல கிராமங்களில் இதுவே வழக்கம். ஒரு பாடத்துக்கு 90 நிமிடம் இருந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 15 நிமிடம் எல்லோரும் வட்டமாக: பாடல், கதை, நேற்றைய சொற்கள். அடுத்த 70 நிமிடத்தில் ஆசிரியர் ஒவ்வொரு குழுவோடும் சுமார் 23 நிமிடம். கடைசி 5 நிமிடம் நோட்டு வாங்கவும் பை கட்டவும். அந்த ஐந்தை ஒதுக்காவிட்டால் மூன்றாவது குழுவின் நேரத்தில் அது கைவைக்கும்.

அரும்புக் குழுவோடு முதலில் உட்காருங்கள். தனியாக வேலை செய்யும் பழக்கம் அவர்களுக்குத்தான் மிகக் குறைவு, களைப்பும் சீக்கிரம் வந்துவிடும். அந்த நேரத்தில் மொட்டும் மலரும் நேற்று கற்றதன் தொடர்ச்சியைப் பயிற்சி நூலில் செய்யட்டும். புதிய பக்கத்தைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை “சார், இது என்ன?” “மிஸ், இதுக்கு என்ன எழுதணும்?” என்று வரிசை நிற்கும், அரும்பின் 23 நிமிடமும் அதிலேயே போகும். ஆசிரியர் இல்லாத நேரத்துக்குத் தெரிந்த வேலை, ஆசிரியர் இருக்கும் நேரத்துக்குப் புதிய வேலை.

அதிகம் ஏமாற்றப்படுவது மலர்க் குழுதான். “நன்றாகப் படிக்கிறவர்கள், சமாளித்துக்கொள்வார்கள்” என்று நாள் முழுக்கப் பார்த்து எழுதும் வேலை கொடுத்துவிடுகிறோம். அவர்களுக்குரிய 23 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். படித்த கதையின் முடிவை மாற்றி எழுதச் சொல்வது, கேள்வி உருவாக்கச் சொல்வது எல்லாம் ஆசிரியர் அருகில் இருந்தால்தான் நடக்கும்.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது குழந்தைக்கு முத்திரை குத்துவது ஆகாதா?

குழு மாறாமலே இருந்தால் ஆகும். ஜூனில் அரும்பில் இருந்த குழந்தை மார்ச்சிலும் அதே பாயில் உட்கார்ந்திருந்தால் அது பழைய “கடைசி பெஞ்ச்”தான். பெயர் மட்டும் பூவாக மாறியிருக்கிறது.

இரண்டு விஷயங்கள் உதவுகின்றன. ஒன்று, தமிழுக்கும் கணக்குக்கும் குழுவைத் தனித்தனியாக வையுங்கள். கடையில் சில்லறை எண்ணிப் பழகிய குழந்தை கணக்கில் மலராகவும் தமிழில் அரும்பாகவும் இருப்பது சாதாரணம். இரண்டு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்துப் போடுங்கள். அதற்குப் பெரிய தேர்வு வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம்: பார்த்திராத பத்து சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று, அதில் ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு ஆறு பேர் என்றால் 30 பேரை ஐந்து நாளில் முடிக்கலாம்.

பார்த்திராத சொற்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். பயிற்சி நூலில் உள்ள பக்கத்தைக் கொடுத்தால் பாதிக் குழந்தைகள் படத்தைப் பார்த்து ஒப்பித்துவிடுவார்கள். விரலை ஒரு சொல்லில் வைத்துக்கொண்டு வாய் அடுத்த சொல்லைச் சொன்னால் அது வாசிப்பு அல்ல.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்து தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

“எழுத்து தெரியவில்லை” என்பதில் குறைந்தது நான்கு வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று கண்டுபிடிக்காமல் அ, ஆ, இ என்று மறுபடி தொடங்குவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அந்தக் குழந்தை அந்த வரிசையை ஏற்கெனவே மூன்று முறை ஒப்பித்துவிட்டது.

முதலில் வரிசையைக் குலைத்து எழுத்துகளைக் காட்டுங்கள். வரிசையில் சொல்லி, கலைத்தால் திணறினால் அது பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கிறது. கலைத்தும் சொல்கிறது, ஆனால் “ப, ட, ம்” என்று தனித்தனியாகச் சொல்லி “படம்” என்று சேர்க்க முடியவில்லை என்றால் சிக்கல் ஒலியைக் கூட்டுவதில். இதற்கு எழுத்து அட்டையைவிட வாய்மொழி விளையாட்டு உதவும். நீங்கள் “ம... ர... ம்” என்று நிறுத்தி நிறுத்திச் சொல்ல, குழந்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். “படம்” படிக்கிறது, “பாடம்” என்பதையும் “படம்” என்றே படிக்கிறது என்றால் துணைக்குறியீடு (ா, ி போன்ற குறி) மனதில் நிற்கவில்லை. எல்லாம் படிக்கிறது, ஆனால் வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது என்றால் தேவைப்படுவது வேகம். அதே பத்தியை மூன்று நாள் தொடர்ந்து உரக்கப் படிக்க வைப்பது போதும்.

எழுத்தே அறியாத குழந்தைக்கு 247-ஐயும் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ட, ப இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, ம-வும் எழுத எளிது. அவற்றோடு ட், ம் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் கிடைக்கும். ஐந்து எழுத்தில் நான்கு சொல் படித்த குழந்தைக்கு வரும் தெம்பு, உயிரெழுத்து பன்னிரண்டையும் ஒப்பித்தாலும் வராது.

குறியீடுகளில் எங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள்?

கொம்பிலும் உகர வரிசையிலும்.

ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் வருகின்றன, ஒலி பின்னால் வருகிறது. “கேள்” என்பதில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் முதலில் க் என்று தொடங்க வேண்டும். ொ, ோ இன்னும் மோசம்: ஒரே ஒலிக்கு எழுத்தின் இருபுறமும் குறி. “கொடி” என்பதைக் குழந்தை “கெ... ஆ... டி” என்று படித்தால் அது மந்தம் அல்ல, பார்த்ததைப் பார்த்தபடி படித்திருக்கிறது. கொம்பை ஓர் அட்டையிலும் எழுத்தை இன்னோர் அட்டையிலும் எழுதி, எழுத்து அட்டையை முதலில் வைத்து அதன் இடப்பக்கம் கொம்பைக் கொண்டுவந்து ஒட்ட வைத்துக் காட்டுங்கள். எழுத்து முதலில், கொம்பு பிறகு என்ற வரிசை கையில் பதியும்.

உகரத்துக்கு ஒரே குறி இல்லை என்பதை நாமே மறந்துவிடுகிறோம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி. சு, பு, யு, வு (ஙு-வும்) வேறு மாதிரி. து, நு, ணு, லு, னு, று (ஞு-வும்) இன்னொரு மாதிரி. பதினெட்டையும் ஒரே நாளில் கு, ஙு, சு என்று ஓதவைத்தால் குழந்தைக்குப் பதினெட்டுத் தனிச் சித்திரங்கள். குடும்பம் குடும்பமாக மூன்று நாளில் கொடுத்தால் மூன்று விதிகள். ஊகார வரிசையில் கூ, சூ இரண்டும் எந்தக் குடும்பத்திலும் சேராதவை. அவற்றைக் கடைசியில் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளி முடித்த தாத்தா பாட்டி வீட்டில் சொல்லிக்கொடுத்தால், லை, னை, ணை போன்றவை பழைய வடிவத்தில் நோட்டில் வரும். சிவப்பு மையால் அடிக்காதீர்கள். “இப்படியும் எழுதியிருக்கிறார்கள், நாம் இப்படி எழுதுவோம்” என்றால் போதும்.

ர/ற, ன/ண/ந, ல/ள/ழ பிழைகளைத் திருத்தியே ஓய்ந்துவிட்டோம். என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்துவதை நிறுத்துங்கள். இவற்றில் சில விதியால் தீரும், சில பழக்கத்தால் மட்டுமே தீரும்.

விதியால் தீர்பவை: ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து). சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். ண, ன வராது. ர இரட்டிக்காது, ஆகவே காற்று, நேற்று எல்லாம் ற். “கன்ரு” என்று எழுதும் குழந்தைக்கு, ற-வுக்கு முன் ன் என்ற ஒரு விதி பல சொற்களைச் சரிசெய்துவிடும். “ரெண்டு சுழி, மூணு சுழி” என்று சொல்வதைவிடப் பக்கத்து எழுத்தைப் பார்க்கச் சொல்வது பலன் தருகிறது.

பழக்கத்தால் தீர்பவை: பல்/பள்ளம், மரம்/மறம், பல ஊர்களில் ஒலியிலேயே ழ இல்லாதபோது பழம்/பளம். உங்கள் ஊரில் குழந்தையின் காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறது என்றால் “உச்சரித்துப் பார்” என்பது பயனற்ற அறிவுரை. வாரத்துக்கு ஐந்து சொல் சுவரில் எழுதி ஒட்டி, அந்த வாரம் அந்த ஐந்தை மட்டும் திருத்துங்கள்.

குழந்தை பேசுவதுபோலவே எழுதுகிறது. அனுமதிக்கலாமா?

பேச்சில் எப்போதும். எழுத்தில் முதல் படியாக. “அம்மா வெளக்கு ஏத்துனாங்க” என்று எழுதிய குழந்தை ஒரு முழு எண்ணத்தைத் தாளில் இறக்கியிருக்கிறது. அந்த வரியின் கீழே நீங்கள் “அம்மா விளக்கு ஏற்றினார்” என்று எழுதி, இரண்டையும் உரக்கப் படித்து, எங்கே மாறுகிறது என்று குழந்தையையே வட்டமிடச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே எழுத்துத் தமிழில் மட்டும் எழுது என்றால் நோட்டில் “இது படம். இது பட்டம்.” தவிர வேறொன்றும் வராது.

“இருபத்தைந்து” என்றால் 205 என்று எழுதுகிறார்கள். ஏன்?

கேட்டபடி எழுதுகிறார்கள் என்பதால். இருபது 20, ஐந்து 5, சேர்த்தால் 205. “நூற்று இருபத்தைந்து” 100205 ஆவதும் இதே தர்க்கம்தான். இதைச் சிரித்துவிட்டுக் கடக்கக் கூடாது. எண்ணின் பெயரைப் பகுத்துக் கேட்கும் அறிவு குழந்தையிடம் இருக்கிறது, இடமதிப்பு மட்டும்தான் இல்லை.

பழைய திருமண அழைப்பிதழ் அட்டையில் 27 துண்டுகள் வெட்டுங்கள். 1 முதல் 9 வரை 5 செ.மீ. அகலத்தில், 10 முதல் 90 வரை 10 செ.மீ., 100 முதல் 900 வரை 15 செ.மீ. உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. 100-ன் மேல் 20-ஐ, அதன் மேல் 5-ஐ வலது ஓரம் பொருந்த வைத்தால் 125 தெரியும். ஒவ்வோர் அட்டையாக எடுத்தால் மறைந்திருந்த பூஜ்யங்கள் வெளிவரும். அகலம் துல்லியமாக இல்லாவிட்டால் பூஜ்யம் பாதி மறைந்து பாதி தெரிந்து குழப்பம் கூடும். அளவுகோல் வைத்து வெட்டுங்கள்.

தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. எழுபது, எண்பது என்று வந்த வரிசை தொண்ணூறு என்று திரும்புகிறது. சொல்லுக்குள் நூறு கேட்கிறது, மதிப்போ நூறுக்குக் கீழே. தொள்ளாயிரமும் அப்படியே: ஆயிரம் கேட்கிறது, மதிப்பு ஆயிரத்துக்குக் கீழே. “தொண்ணூற்றைந்து” என்றதும் 195 அல்லது 905 எழுதும் குழந்தைகளை இதனால்தான் பார்க்கிறோம். இந்த இரண்டு சொற்களுக்கும் தனியாக ஒரு வகுப்பு கொடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது ஈர்க்குச்சிக் கட்டுகளைக் கையில் கொடுத்து, “நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேண்டும், நூறை எட்டாத இதுதான் தொண்ணூறு” என்று காட்டுவது போதும்.

52 − 27 = 35 என்கிறார்கள். கடன் வாங்கச் சொல்லியும் மாறவில்லை.

2-லிருந்து 7 போகாது, ஆகவே 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். “பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி” என்று நாம் முன்பு சொன்னதைத்தான் இலக்கத்துக்கு இலக்கம் பொருத்துகிறார்கள்.

“கடன்” என்ற சொல்லே சரியில்லை என்பது எங்கள் கருத்து. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாரும் தருவதில்லை. “கட்டைப் பிரி” என்று சொல்லுங்கள். 5 கட்டு, 2 உதிரி. 7 உதிரி கேட்டால் இல்லை. ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினால் 4 கட்டு, 12 உதிரி. 7 போக 5. 2 கட்டு போக 2. விடை 25. இதைக் குச்சியில் மூன்று நாள், படம் வரைந்து இரண்டு நாள், பிறகே எண்ணில். குச்சியிலிருந்து நேராகக் கரும்பலகைக்குத் தாவினால் கைக்கும் தாளுக்கும் தொடர்பு அறுந்துவிடும். 302 − 145 போல நடுவில் பூஜ்யம் வருவதை, இது உறுதியான பிறகு தனியாக எடுங்கள்.

வாக்கியக் கணக்கில் “அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி” என்ற குறுக்குவழியைச் சொல்லித்தராதீர்கள். “மாலாவிடம் 8 மிட்டாய் உள்ளது. அது கவிதாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். கவிதாவிடம் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள். சொல்லைப் பிடித்துக்கொண்ட குழந்தை 11 என்று சொல்லும்.

துணைக்கருவி செய்யவே நேரம் போகிறது.

புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, பழைய நாட்காட்டித் தாள், மேலே சொன்ன அட்டைகள். இவை ஒரு வருடத்துக்குப் போதும். பார்வைக்கு அழகான, குழந்தை தொடக் கூடாத கருவி சுவர் அலங்காரம்தான்.

செயலியில் மதிப்பீடு செய்கிறோம். அதற்கு மேல் என்ன வேண்டும்?

செயலி ஒரு விழுக்காட்டைத் தருகிறது. எந்த எழுத்து, எந்த வகைக் கணக்கு என்று அது வகுப்பறைக்குத் தேவையான அளவு சொல்வதில்லை. நான்கு விடையில் ஒன்றைத் தொடும் கேள்வி என்றால், ஒன்றுமே தெரியாத குழந்தையும் பத்துக்கு இரண்டு மூன்று சரியாகத் தொட்டுவிடும். அதை வைத்துக் குழு பிரிக்க முடியாது.

ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டுப் போதும். வெள்ளிக்கிழமை பத்துச் சொல் சொல்வதெழுதுதல் வையுங்கள். திருத்தும்போது மதிப்பெண் போடாமல் பிழையின் வகையை எண்ணுங்கள்: குறில்-நெடில் எத்தனை பேர், கொம்பு எத்தனை பேர், ஒற்று விட்டவர் எத்தனை பேர். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே பிழை என்றால் அது நம் கற்பித்தலின் பிழை. திங்கட்கிழமை மறுபடி எடுக்க வேண்டும், அதே வழியில் அல்லாமல் வேறு வழியில். நாலைந்து பேர் என்றால் அவர்களை மட்டும் 15 நிமிடம் தனியாக. ஒருவர் மட்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் கண்ணாடியோ காதுக் கருவியோ தேவைப்படும் குழந்தையை அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

பார்வைக்கு வரும் அலுவலர் நோட்டு நிரம்பவில்லை என்கிறார். பெற்றோர் பாடம் நடத்தவில்லை என்கிறார்கள்.

இருவருக்கும் ஒரே பதில்: குழந்தையைப் படிக்கச் சொல்லிக் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஜூனில் எழுதிய தாளையும் செப்டம்பரில் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதற்கு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு தாளைத் தேதி போட்டு எடுத்துவைத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாடக்குறிப்பில் “செய்ய வேண்டியது” பக்கத்தில் “நடந்தது” என்று இரண்டு வரி எழுதும் வழக்கமும் வாதத்துக்கு உதவும். “மொட்டுக் குழுவுக்கு நேரம் போதவில்லை, உகர வரிசை இரண்டாம் குடும்பம் நாளைக்கு” என்ற வரி, அச்சடித்த குறிப்பைவிட அலுவலருக்கு அதிகம் சொல்லும்.

அடிக்கடி விடுப்பு எடுக்கும் குழந்தையை எப்படிச் சேர்ப்பது?

திரும்பி வரும் நாளில் விட்டுப்போன பக்கங்களை எழுதவைக்காதீர்கள். மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனை செய்து, நிற்கும் இடத்திலிருந்து குழுவில் சேருங்கள். எழுதாத பக்கத்துக்குத் தண்டனை உண்டு என்று தெரிந்தால் அடுத்த நாளும் வராது.

அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிப்பதைத் தவிர ஏதாவது செய்யலாமா?

ஒவ்வொருவரும் தம் வகுப்பின் ஐந்து சொல்வதெழுதுதல் தாள்களைப் பெயரை மறைத்துக் கொண்டுவாருங்கள். நன்றாக எழுதியவை வேண்டாம். நான்கு பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து ஒரு தாளுக்குப் பத்து நிமிடம்: இந்தக் குழந்தை என்ன நினைத்து இப்படி எழுதியது? “கவனக்குறைவு” என்ற பதிலை மட்டும் யாரும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் நாளை வகுப்பில் செய்யக்கூடிய ஒரு செயலை எழுதி எடுத்துப்போங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதே குழந்தையின் புதிய தாளோடு வாருங்கள்.